மொட்டை மாடி மழைத்தண்ணிய மண்ணுக்குள்ள இறக்கறது எப்படி: கீழ இருந்து மேல, ஸ்டெப் பை ஸ்டெப்

எங்க வீடு சென்னையில அடையாறு பக்கம், தரைத்தளமும் மேல ஒரு மாடியும் இருக்கற பழைய வீடு. மழைநீர் சேகரிப்ப நாங்க ரெண்டு தடவ செஞ்சோம். முதல் தடவ பிளம்பரக் கூப்பிட்டு மாடியில இருந்து பைப் இறக்க ஆரம்பிச்சோம், பைப்பெல்லாம் கீழ வந்து நின்னதுக்கு அப்புறம்தான் இந்தத் தண்ணி எங்க போகணும்னே யோசிச்சோம். அந்த வருஷ நவம்பர் மழையில சம்ப் (தரைக்கடியில இருக்கற தண்ணித் தொட்டி) ரொம்பி கார் நிறுத்தற இடம் பூரா தண்ணி, தரையில கிடந்த அழுக்கோட சேர்ந்து அதே தண்ணி திரும்ப சம்ப்புக்குள்ளயே இறங்கிடுச்சு. மறு வருஷம் கோடையில எல்லாத்தையும் கழட்டிட்டு கீழ இருந்து மேல செஞ்சோம், இன்னிக்கு வரைக்கும் பிரச்சனை இல்ல.

அதுக்கப்புறம் சொந்தக்காரங்க வீடு, தெருக்காரங்க வீடுன்னு ஏழெட்டு இடத்துல கூடவே நின்னு பாத்துட்டேன். கிட்டத்தட்ட எல்லாரும் அதே இடத்துலதான் தடுக்கறாங்க. தண்ணி வர்ற வழிய முதல்ல போடறாங்க, போற வழிய கடைசியில பாத்துக்கலாம்னு விட்டுடறாங்க. அதனால இந்த வழிகாட்டி வேணும்னே தலைகீழா போகும். உபரித் தண்ணி எங்க போகும்ங்கறது முதல்ல, அப்புறம் உறை கிணறு (சிமெண்ட் வளையத்த ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி இறக்கற கிணறு), அப்புறம் சம்ப், வடிகட்டி, கடைசியிலதான் மாடிப் பைப். தனி வீட்டுக்காரங்களுக்காக எழுதறேன், சின்ன அடுக்குமாடி ப்ளாட்ல இருக்கறவங்களுக்கு எங்க மாறுதோ அங்க சொல்றேன்.

1. எப்ப ஆரம்பிக்கணும், கையில என்ன இருக்கணும்

தோண்டற வேலை ஏப்ரல்ல இருந்து ஜூன் முடியறதுக்குள்ள. அப்பதான் நிலத்தடி தண்ணி கீழ இருக்கும், குழிக்குள்ள ஊத்து வராது, உறை இறக்கறவங்களுக்கும் வேலை சுலபம். பைப் வேலை ஜூலை, ஆகஸ்ட்ல முடிஞ்சிடணும். ஆகஸ்ட், செப்டம்பர் சாயங்கால இடி மழையிலயே டெஸ்ட் பண்ணிடலாம், அக்டோபர்ல வடகிழக்குப் பருவமழை இறங்கும்போது எல்லாம் ரெடியா இருக்கும். நிறைய பேர் அக்டோபர்ல முதல் மழை பெஞ்ச அன்னிக்கு பிளம்பருக்கு போன் போடறாங்க, அன்னிக்கு ஊர்ல உள்ள எல்லாரும் அவருக்குத்தான் போன் போடறாங்க.

வேலை ஆரம்பிக்கறதுக்கு முன்னாடி ஒரு நாள் ஒதுக்கி இதெல்லாம் எடுத்து வெச்சுக்கோங்க: அளக்கற டேப், ஒரு நோட்டு, ரெண்டு பக்கெட், துணிக்குப் போடற சொட்டு நீலம் ஒரு பாட்டில். வீட்டோட பழைய ப்ளான் இருந்தா அதையும் தேடி எடுங்க. இல்லாட்டி நீங்களே ஒரு பேப்பர்ல வீட்ட வரைஞ்சு கழிவுநீர் சேம்பர் எங்க, செப்டிக் டேங்க் இருந்தா எங்க, சம்ப் எங்க, போர்வெல் எங்க, பழைய கிணறு எங்க, தெரு மழைநீர் வடிகால் எந்தப் பக்கம்னு குறிச்சு வெச்சுக்கோங்க. இந்த ஒரு பேப்பர் இல்லாம மேஸ்திரிகிட்ட பேசினா அவரு தனக்கு எது சௌகரியமோ அங்கதான் குழி போடுவாரு.

இன்னொண்ணு, 2003ல இருந்து தமிழ்நாட்டுல எல்லா கட்டடத்துக்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயம், அதனால உங்க வீட்டுல ஏற்கனவே ஏதோ ஒண்ணு இருக்க வாய்ப்பு அதிகம். அத முதல்ல தோண்டிப் பாருங்க. நான் பாத்த முக்கால்வாசி வீட்டுல அது ரெண்டு மூணு அடி ஆழத்துல ஜல்லி ரொப்பின ஒரு குழி, மேல சேறு அடைச்சு வருஷக்கணக்கா தண்ணியே இறங்காம இருக்கும். "எங்க வீட்டுல இருக்கே"ன்னு சொல்றவங்க அது மேல ரெண்டு பக்கெட் தண்ணி ஊத்திப் பாத்தாலே தெரிஞ்சிடும்.

2. எவ்வளவு தண்ணி வரும்னு கணக்கு போடுங்க

இது சின்ன கணக்குதான், ஆனா இதப் போடாம பைப் சைஸும் கிணத்து ஆழமும் முடிவு பண்ணவே கூடாது. ஒரு சதுர மீட்டர் மேல ஒரு மி.மீ மழை பெஞ்சா ஒரு லிட்டர். அவ்வளவுதான்.

1000 சதுர அடி மாடின்னா 93 சதுர மீட்டர். சென்னைக்கு வருஷ சராசரி மழை சுமாரா 1400 மி.மீ. ரெண்டையும் பெருக்கினா 1,30,000 லிட்டர் வரும், ஆவியா போறது, தளம் உறிஞ்சறது, முதல் மழைய வெளிய விடறதுன்னு கழிச்சு பத்துல எட்டு பங்குன்னு வெச்சாலும் ஒரு லட்சம் லிட்டருக்கு மேல. ஒரு ஆளுக்கு ஒரு நாளைக்கு 135 லிட்டர்னு வெச்சா நாலு பேர் குடும்பத்துக்கு 540 லிட்டர், அப்ப இது ஆறு மாசத்துக்கு மேல தாங்கற தண்ணி. இத்தனையும் இப்ப உங்க மாடியில இருந்து நேரா தெருவுக்குப் போயிட்டிருக்கு.

ஆனா வருஷக் கணக்க விட முக்கியமானது ஒரு மணி நேரக் கணக்கு. சென்னையில மழை சீரா பெய்யாது, பாதிக்கு மேல அக்டோபர்ல இருந்து டிசம்பருக்குள்ள கொட்டும், அதுலயும் சில நாள் மொத்தமா. ஒரு மணி நேரத்துல 50 மி.மீ கொட்டினா அதே 1000 சதுர அடி மாடியில இருந்து 4000 லிட்டருக்கு மேல இறங்கும், அதாவது நிமிஷத்துக்கு 70 லிட்டருக்கும் மேல. உங்க பைப், வடிகட்டி, கிணறு எல்லாம் தாங்க வேண்டியது இந்த வேகத்த. நோட்டுல பெரிசா எழுதி வெச்சுக்கோங்க.

3. உங்க மண்ணு எதுன்னு கண்டுபிடிங்க

சென்னையில ஏரியாவுக்கு ஏரியா மண்ணு வேற. திருவான்மியூர், அடையாறு, கொட்டிவாக்கம், சாந்தோம், தண்டையார்பேட்டை மாதிரி கடற்கரையோரம் மணல், தண்ணி சட்டுனு இறங்கிடும். தி.நகர், மேற்கு மாம்பலம், அண்ணா நகர், பெரம்பூர், விருகம்பாக்கம் பக்கம் களிமண்ணு, மேல ஊத்தினா குட்டையா நிக்கும். கிண்டி, வேளச்சேரி, ஆதம்பாக்கம், பெருங்குடி பக்கம் கீழ பாறை.

ஆனா ஒரே தெருவுலயே மாறும், அதனால ஏரியா பேர வெச்சு மட்டும் முடிவு பண்ணாதீங்க. ரெண்டு வேலை செய்ங்க. ஒண்ணு, பக்கத்துல சமீபத்துல போர் போட்டவங்ககிட்ட எத்தன அடியில என்ன மண்ணு வந்துச்சுன்னு கேளுங்க, போர் போட்டவருக்கு அது ஞாபகம் இருக்கும். ரெண்டு, பக்கத்து வீட்டுக் கிணறு டிசம்பர்ல எத்தன அடி வரைக்கும் ஏறுதுன்னு கேளுங்க. இந்த ரெண்டாவது கேள்விய யாருமே கேக்கறதில்ல. டிசம்பர்ல எட்டடியிலயே தண்ணி நிக்கற இடத்துல நீங்க பதினஞ்சடி உறை இறக்கினா மழை காலத்துல பாதி கிணறு ஏற்கனவே ரொம்பித்தான் இருக்கும், புது தண்ணிக்கு இடமே இருக்காது. அங்க ஆழத்தக் குறைச்சுட்டு ரெண்டு கிணறா போடறது நல்லது.

கடலோரத்துல இருக்கறவங்களுக்கு ஒரு விஷயம். நல்ல தண்ணி உப்புத் தண்ணிக்கு மேல மிதந்துட்டுத்தான் இருக்கும். நீங்க ஆழமா போர் போட்டு உறிஞ்ச உறிஞ்ச கீழ இருந்து உப்பு ஏறும். அதனால அங்க மேல்மட்டத்துல இறக்கி மேல்மட்டத்துலயே கிணத்துல இருந்து எடுக்கறதுதான் சரி.

4. முதல் வேலை: கடைசி ஓவர்ஃப்ளோ

சம்ப் ரொம்பி, கிணறும் ரொம்பினா தண்ணி எங்க போகும்? இதுக்கு பதில் தெரியாம ஒரு பைப் கூட வாங்காதீங்க. 2015 டிசம்பர், 2023 டிசம்பர் மிக்ஜாம் புயல், இந்த மாதிரி நாள்ல எந்தக் கிணறும் தாங்காது, கட்டாயம் வழியும்.

வழியற தண்ணி தெரு மழைநீர் வடிகாலுக்குப் போகணும். கழிவுநீர் சேம்பருக்குப் போகக் கூடாது. பழைய வீடுகள்ல மாடித் தண்ணிய நேரா கழிவுநீர் சேம்பர்ல விட்டிருப்பாங்க, மழை நாள்ல தெருவுல மேன்ஹோல் பொங்கி வர்றதுக்கு இதுவும் ஒரு முக்கியமான காரணம். உங்க வீட்டுல அப்படி இருந்தா அந்த இணைப்ப வெட்டி மூடறதுதான் மொத்த வேலையிலயே முதல் வேலை.

ஓவர்ஃப்ளோ பைப் உள்ள வர்ற பைப்ப விட சின்னதா இருக்கவே கூடாது. 4 இன்ச் உள்ள வந்தா 4 இன்ச் வெளிய போகணும். எங்க முதல் முயற்சியில உள்ள 4, வெளிய 2, அதனாலதான் சம்ப் மூடி வழியா பொங்கிச்சு. அதே மாதிரி ஓவர்ஃப்ளோ வாய் உள்ள வர்ற பைப்புக்குக் கீழ இருக்கணும், இல்லாட்டி வர்ற பைப்புலயே தண்ணி எதிர்த்து நிக்கும். தெரு மட்டம் உங்க வீட்ட விட உசந்து போயிருந்தா, ரோடு மேல ரோடு போட்டு நிறைய தெருவுல இதான் நிலைமை, ஓவர்ஃப்ளோ பைப்புல ஒரு நான் ரிட்டர்ன் வால்வு போட்டுடுங்க. இல்லாட்டி வெள்ளம் வந்தா தெருத் தண்ணி சாக்கடையோட சேர்ந்து அதே பைப் வழியா உள்ள வரும்.

5. உறை கிணறு

வீட்டுல பழைய கிணறு இருந்தா, மூடாம இருந்தா, நீங்க அதிர்ஷ்டசாலி. தூர் வாரி அதையே பயன்படுத்துங்க, புதுசு தேவையில்ல. மூடி வெச்ச கிணறா இருந்தா தயவுசெஞ்சு யாரையும் சட்டுனு உள்ள இறக்காதீங்க. உள்ள காத்து இருக்காது, விஷவாயு இருக்கலாம், இறங்கினவர காப்பாத்தப் போனவரும் சேர்ந்து போன சம்பவம் நம்ம ஊர்ல எத்தனையோ. தீக்குச்சி கொளுத்திப் பாக்கறது போதாது. கிணறு தூர் வார்றதையே தொழிலா செய்றவங்க, கருவியோட வந்து காத்தைச் சோதிச்சு, கயிறு கட்டி, மேல ரெண்டு பேர் நின்னுதான் செய்யணும்.

புதுசா போடறதுன்னா 3 அடி விட்டம், ஒரு அடி உயரம் இருக்கற சிமெண்ட் உறை, 12ல இருந்து 15 வரைக்கும். ஏன் ஜல்லிக் குழி வேண்டாம், ஏன் காலி கிணறுன்னு எல்லாரும் கேப்பாங்க. ஒரு மீட்டருக்கு ஒரு மீட்டர், ஒன்றரை மீட்டர் ஆழக் குழின்னா 1500 லிட்டர், அதுல ஜல்லி ரொப்பினா தண்ணிக்கு கிடைக்கற இடம் ஏறக்குறைய 600 லிட்டர்தான். 3 அடி விட்டம், 15 அடி ஆழம் காலி உறை கிணறுன்னா 3000 லிட்டர். அத விட முக்கியம், ஜல்லிக்குள்ள சேறு அடைச்சா கழுவ முடியாது, மொத்தத்தையும் அள்ளித்தான் போடணும். காலி கிணத்துல அடியில படியற வண்டல கோடையில வாரிப் போட்டுடலாம். எதிர் வீட்டு மாமா என் பேச்ச கேக்காம மேஸ்திரி சொன்னாருன்னு ஜல்லி ரொப்பினாரு, மூணாவது வருஷமே தண்ணி குழி மேல நிக்க ஆரம்பிச்சு இப்ப அள்ளிட்டு உறை போட்டிருக்காரு.

தோண்டும்போது பாக்க வேண்டியது:

இடம் அஸ்திவாரத்துல இருந்து ஒரு பத்தடியாவது தள்ளி. செப்டிக் டேங்க், கழிவுநீர் லைன்ல இருந்து எவ்வளவு தூரம் முடியுமோ அவ்வளவு. இடம் கம்மின்னு செப்டிக் டேங்க் ஓரமா போட்டா அந்தக் கசிவு நேரா உங்க நிலத்தடித் தண்ணிக்குத்தான் போகும்.

மணல்ல வெறும் குழி தோண்டக் கூடாது, சரியும். உறைய மேல வெச்சு உள்ள இருந்து மண்ண எடுக்க எடுக்க உறை தானா கீழ இறங்கும், அது மேல அடுத்த உறை. தெரிஞ்ச ஆளுங்க இப்படித்தான் செய்வாங்க. குழிய முழுசா தோண்டிட்டு அப்புறம் உறை இறக்கறேன்னு சொல்றவர வேண்டாம்னு சொல்லிடுங்க, உள்ள நிக்கற மனுஷன் உயிர் அது.

உறைக்கும் உறைக்கும் நடுவுல சிமெண்ட் பூசக் கூடாது. அந்த இடுக்கு வழியாத்தான் தண்ணி பக்கவாட்டுல போகும். மேல் ரெண்டு மூணு உறைக்கு மட்டும் பூசிடுங்க, தரையில ஓடற அழுக்குத் தண்ணி உள்ள கசியாம இருக்க. கொத்தனாருக்கு இத நீங்க நின்னு சொல்லலேன்னா பழக்கத்துல எல்லாத்தையும் நல்லா பூசி அடைச்சு விட்டுடுவாரு, அது கிணறு இல்ல, தொட்டி ஆயிடும்.

களிமண் ஏரியாவுல களிமண்ண தாண்டி மணலோ பருமண்ணோ வர்ற வரைக்கும் போகணும், நடுவுல நிறுத்தினா பிரயோஜனமே இல்ல. விருகம்பாக்கத்துல எங்க அக்கா வீட்டுல பத்தடியோட நிறுத்தலாம்னு மேஸ்திரி சொன்னாரு, அக்கா விடாம இன்னும் நாலு உறை இறக்க வெச்சாங்க, அதுக்கப்புறம்தான் மணல் வந்துச்சு. பாறை ஏரியாவுல ஆழம் போக முடியாது, அங்க சம்ப்ப பெரிசா வெச்சுக்கிட்டு சேமிக்கறதுதான் முதல் வழி.

மூடி கான்கிரீட் சிலாப், நடுவுல திறக்கற மாதிரி ஒரு மூடி. கார் ஏறும்னா அதுக்கேத்த கனம் வேணும்னு முன்னாடியே சொல்லிடுங்க. குழந்தைங்க ஓடற வீடு, ஒரு நாள் கூட திறந்து வெச்சுட்டு போகாதீங்க.

6. சம்ப்

சம்ப்புக்கு மழைத்தண்ணி விடறதா வேண்டாமாங்கறது உங்க சம்ப் எவ்வளவு பெரிசுங்கறதப் பொறுத்தது. விடறதுன்னா மெட்ரோ வாட்டர், லாரித் தண்ணி வர்ற சம்ப்புல கலக்காம தடுப்பு கட்டி தனியா வெச்சா நல்லது. அப்பதான் எந்தத் தண்ணிய சமையலுக்கு எடுக்கறோம், எதத் துணி துவைக்க எடுக்கறோம்னு தெரியும்.

சம்ப் வாய் தரையில இருந்து ஒரு அடியாவது உசத்தி இருக்கணும். 2023ல எங்க தெருவுல தரை மட்டத்துல மூடி இருந்த சம்ப் அத்தனையும் சாக்கடைத் தண்ணியா ஆச்சு.

அப்புறம் ஒரு பழக்கம். மழை வரும்னு வானிலை சொன்ன வாரத்துல சம்ப்ப லாரித் தண்ணியால ரொப்பாதீங்க. ரொம்பின சம்ப்புக்கு மழைத்தண்ணி வந்து என்ன பிரயோஜனம்.

7. வடிகட்டியும் முதல் மழையும்

இங்கதான் கணக்கு தப்பா போறது. முதல்ல பெய்யற ஒண்ணு ரெண்டு மி.மீ மழை மாடியில இருக்கற தூசி, புறா எச்சம், இலை எல்லாத்தையும் கழுவிட்டு வரும், அத வெளிய விட்டுடணும்னு எல்லாருக்கும் தெரியும். அதுக்குன்னு கீழ்ப் பைப்புல மூணடிக்கு ஒரு துண்டு விட்டு அடியில மூடி போட்டு, இதுல முதல் மழை தேங்கிக்கும்னு பிளம்பர் சொல்லிட்டுப் போயிடுவாரு. 4 இன்ச் பைப் ஒரு மீட்டருக்கு ஏறக்குறைய 8 லிட்டர்தான் பிடிக்கும். உங்க 1000 சதுர அடி மாடியில ஒரு மி.மீ மழைங்கறது 93 லிட்டர். அத அந்தப் பைப்புல பிடிக்கணும்னா 11, 12 மீட்டர் நீளம் வேணும்!

அதனால ரெண்டுல ஒண்ணு செய்ங்க. ஒண்ணு, 100 லிட்டர் டிரம் ஒண்ண முதல்ல வெச்சு அது ரொம்பினதும் மேல இருந்து சம்ப்புக்குப் போற மாதிரி இணைக்கறது, டிரம்முக்கு அடியில ஒரு சின்ன குழாய் வெச்சு மழை விட்டதும் செடிக்குத் திறந்து விட்டுடணும். ரெண்டாவது, பைப்புல ஒரு டி ஜாயிண்ட் போட்டு, சம்ப் பக்கம் ஒண்ணு, வெளிய போற பக்கம் ஒண்ணுன்னு ரெண்டு பால் வால்வு. கோடையில வெளிய போற வால்வ திறந்து வெச்சிருங்க, சீசன்ல நல்ல மழை ஒண்ணு ரெண்டு போன பிறகு மாத்தி விடுங்க. வீட்டுல ஒருத்தர் அத ஞாபகம் வெச்சு செய்வாங்கன்னா இந்த வழிதான் எனக்குப் பிடிச்சது, கெட்டுப் போக எதுவும் இல்ல.

வடிகட்டி சம்ப்புக்குப் போற தண்ணிக்கு மட்டும்தான் நல்லா வேணும். 2 அடிக்கு 2 அடி தொட்டி, அடியில பெரிய கூழாங்கல், அது மேல சின்னது, அது மேல நைலான் வலை, மேல பருமணல். வலை ஏன்னா மணல் கீழ இறங்கி கல்லோட கலந்துட்டா பிரிக்க முடியாது, வலையப் பிடிச்சுத் தூக்கினா மணல் மட்டும் வந்துடும், கழுவிப் போடலாம். கரி போடணுமான்னு கேப்பாங்க. சாதாரண அடுப்புக் கரிய போட்டுட்டு வருஷக்கணக்கா மாத்தாம விட்டா அதுவே அழுகலா போகும், நான் போடறதில்ல.

இந்த மணல் தொட்டி கொட்டற மழை வேகத்துக்கு ஈடு கொடுக்காது. நிமிஷத்துக்கு 70 லிட்டர் வரும்போது அதால பாதி கூட விட முடியாது. அதனால தொட்டி மேல்மட்டத்துல ஒரு பைபாஸ் வெச்சு மிச்சம் நேரா உறை கிணத்துக்குப் போற மாதிரி விடுங்க. உறை கிணத்துக்கு மணல் வடிகட்டி தேவையில்ல, வண்டல் தங்கறதுக்கு ஒரு சின்ன சேம்பரும், இலை தடுக்க ஒரு வலையும் போதும், மிச்சத்த மண்ணு பாத்துக்கும்.

எக்காரணம் கொண்டும் மழைப் பைப்ப நேரா போர்வெல்லுக்குள்ள சொருகாதீங்க. இத ஏதோ பெரிய ஐடியா மாதிரி சொல்ற ஆளுங்க இருக்காங்க. மேல்மண்ணு வடிகட்டற வேலையே அங்க நடக்காது, மாடியில இருக்கற எச்சமும் கிருமியும் நேரா ஆழத்துல இருக்கற தண்ணிக்குப் போயிடும், அத அப்புறம் யாராலயும் சுத்தம் பண்ண முடியாது, பக்கத்து வீட்டுக்காரங்களும் அதத்தான் குடிக்கணும். போருக்குத் தண்ணி ஏறணும்னா அதுக்குக் கொஞ்சம் தள்ளி உறை கிணறு போடுங்க, மண்ணு வழியா போய்ச் சேரட்டும்.

8. இப்பதான் மாடிக்குப் போகணும்

மாடியில நாலு பக்கெட் தண்ணி ஊத்தி எந்தப் பக்கம் ஓடுது, எங்க தேங்குதுன்னு பாருங்க. தேங்கற இடத்த முதல்ல சரி பண்ணணும், தட்டோடு பேந்திருந்தா மாத்தணும். தேங்கினா தண்ணி மட்டும் வீணாகல, கொசுவும் வரும், கூரையும் ஒழுகும்.

அடுத்தது சொட்டு நீலம் வேலை. இதத் தாண்டி போகவே போகாதீங்க. பால்கனி, வாஷிங் மெஷின் வெச்சிருக்கற இடம், மாடி பாத்ரூம், தொட்டி கழுவற இடம், ஒவ்வொண்ணுலயும் நீலம் கலந்த ஒரு பக்கெட் ஊத்தி எந்தப் பைப் வழியா கீழ வருதுன்னு ஒருத்தர் கீழ நின்னு பாக்கணும். பழைய வீட்டுல யாரோ எப்பவோ வாஷிங் மெஷின் தண்ணிய மழைப் பைப்புல இணைச்சிருப்பாங்க. நான் கூட நின்ன ஏழெட்டு வீட்டுல மூணுல இப்படி இருந்துச்சு. கண்டுபிடிக்காம விட்டா சோப்புத் தண்ணிதான் கிணத்துக்குள்ள போகும். சின்ன ப்ளாட்ல இது இன்னும் அதிகம், எல்லா வீட்டுக்காரங்களையும் ஒரே நாள் வீட்டுல இருக்கச் சொல்லி ஒவ்வொரு வீடா பண்ணுங்க.

பைப் சைஸ். மணிக்கு 50 மி.மீ வேகத்துல கொட்டற மழைக்கு ஒரு 4 இன்ச் பைப் ஏறக்குறைய 85 சதுர மீட்டர் மாடிக்குத்தான் தாங்கும், 3 இன்ச் பைப் அதுல பாதிக்கும் கம்மி, 40 சதுர மீட்டர். 1000 சதுர அடி மாடிக்கு 4 இன்ச்ல ரெண்டு இறக்கம் வெச்சா நிம்மதி. காசு மிச்சம்னு 3 இன்ச்சுல ஒண்ணே ஒண்ணு போட்டா மாடியே குளமாகும்.

படுக்கையா போற பைப்புக்கு பத்தடிக்கு ஒரு இன்ச்சாவது சரிவு வேணும், நாலஞ்சு அடிக்கு ஒரு கிளாம்ப். கிளாம்ப் கம்மியா போட்டா வெயில்ல பைப் தொய்ஞ்சு அங்கயே சேறு தங்கும். திரும்பற இடத்துல எல்லாம் திறக்கற மாதிரி மூடி வெச்ச எல்போ வாங்குங்க, அடைச்சா கம்பி விட அதான் வழி. மாடி வாயில குவிஞ்ச மாதிரி இருக்கற ஜாலி போடணும், தட்டையா இருக்கறது ரெண்டு இலை விழுந்தாலே மூடிக்கும்.

திறந்த கிணத்துக்குள்ள விடறவங்க பைப்ப மேலயே நிறுத்தி அருவி மாதிரி விழ விடாதீங்க. அடியில இருக்கற வண்டல் கலங்கி ஒரு வாரத்துக்கு தண்ணி மஞ்சளா வரும், "மழைத்தண்ணி விட்டதுல கிணறே கெட்டுப் போச்சு"ன்னு வீட்டுப் பெரியவங்க பயந்துடுவாங்க. பைப்ப கொஞ்சம் கீழ இறக்கி, நுனியில எல்போ போட்டு சுவத்துப் பக்கம் திருப்பி விட்டா அமைதியா வழிஞ்சு இறங்கும்.

9. கேட் பக்கத் தண்ணி தனி

வாசல், கார் நிறுத்தற இடத்துல ஓடற தண்ணிய கேட்டுக்கு உள்பக்கம் ஒரு சால் வெட்டி, மேல கம்பி ஜாலி போட்டுப் பிடிக்கலாம். ஆனா அதுல எண்ணெய், நாய் பூனை அசிங்கம், மண்ணு எல்லாம் இருக்கும். அதனால அத சம்ப்புக்கோ திறந்த கிணத்துக்கோ விடாதீங்க. தனியா ஒரு உறை கிணறு, முன்னாடி வண்டல் சேம்பர். இடமோ காசோ இல்லேன்னா இந்த ஸ்டெப்ப அடுத்த வருஷத்துக்கு தள்ளுங்க, மாடித் தண்ணி முதல்ல. வாசல் பூரா சிமெண்ட் போடாம ஓரமா கொஞ்சம் மண்ணு விட்டாலே நிறைய இறங்கும்.

10. மழைக்கு முன்னாடி ஊத்திப் பாருங்க

ஹோஸ் வெச்சு மாடியில அரை மணி நேரம் தண்ணி விடுங்க. ஒருத்தர் மாடியில, ஒருத்தர் சம்ப் கிட்ட, ஒருத்தர் ஓவர்ஃப்ளோ கிட்ட. ஒவ்வொரு ஜாயிண்ட்டயும் கையால தடவிப் பாருங்க. முக்கியமா சம்ப்ப வேணும்னே ரொப்பி, ஓவர்ஃப்ளோ வழியா தண்ணி கிணத்துக்குப் போகுதான்னு பாருங்க. வேலைக்காரங்களுக்கு கடைசித் தவணைப் பணம் இந்த டெஸ்டுக்கு அப்புறம்தான்னு ஆரம்பத்துலயே பேசி வெச்சுக்கோங்க, சண்டை இல்லாம முடியும்.

11. வருஷா வருஷம்

செப்டம்பர் கடைசி ஞாயித்துக்கிழமை மாடிய பெருக்கிக் கழுவுங்க, ஜாலி எடுத்து சுத்தம் பண்ணுங்க, வடிகட்டி மணல அலசிப் போடுங்க. மே மாசம் உறை கிணத்து வண்டல வாருங்க. இவ்வளவுதான் வேலை, ஆனா ரெண்டு வருஷம் விட்டா அடைச்சிடும். ப்ளாட்ல இருக்கறவங்க இத அசோசியேஷன் மெயின்டனன்ஸ் லிஸ்ட்ல எழுத்துல சேத்துடுங்க, செயலாளர் மாறினதும் மறந்து போறதுதான் ப்ளாட்ல நடக்கற முக்கியமான தப்பு.

கொசு விஷயம் ரொம்ப முக்கியம். சென்னையில மலேரியா பரப்பற கொசு கிணத்துலயும் மேல் தொட்டியிலயும்தான் முட்டை போடும், டெங்கு கொசுவும் தேங்கின நல்ல தண்ணியிலதான். சம்ப், டிரம், உறை கிணறு, எல்லா மூடியும் இடுக்கில்லாம இருக்கணும், ஓவர்ஃப்ளோ வாயில வலை கட்டணும். திறந்த கிணறுன்னா நைலான் வலை போட்டு கம்பூசியா மீன் விடுங்க.

குடிக்கறதுக்கு எடுக்கறவங்க கொதிக்க வெச்சே குடிங்க. மாடிக்கு புதுசா வெள்ளை கூலிங் பெயிண்ட் அடிச்சிருந்தா முதல் ரெண்டு மூணு நல்ல மழைய வெளிய விட்டுடுங்க.

கடைசியா ஒரு நோட்டு. மாசம் ஒண்ணாம் தேதி கயித்துல கல்லு கட்டி கிணத்துல விட்டு தண்ணி எத்தன அடியில இருக்குன்னு எழுதுங்க, தண்ணியில எவ்வளவு உப்பு கரைஞ்சிருக்குன்னு காட்டற டிடிஎஸ் மீட்டர் ஒண்ணு வாங்கி அதையும் பக்கத்துல எழுதுங்க. முதல் வருஷம் பெரிசா ஒண்ணும் தெரியாம போகலாம், மண்ணு காஞ்சு கிடந்திருக்கும், முதல்ல அது குடிக்கும். ரெண்டாவது மூணாவது வருஷ ஏப்ரல் கணக்க முதல் வருஷ ஏப்ரலோட வெச்சுப் பாருங்க, டிசம்பரோட இல்ல, டிசம்பர்ல எல்லா கிணத்துலயும் தண்ணி இருக்கும். எங்க தெருவுல இப்ப நாலு வீட்டுல இந்த நோட்டு இருக்கு, ஒண்ணாம் தேதி காலையில எழுதிட்டு நாலு பேரும் போட்டோ எடுத்து அனுப்பிக்கறோம்.